நாலு போர்ஷன் வீட்டுக்கு விலை சொல்வது எப்படி: வடசென்னையில் முதன்முறை வாங்குவோருக்கு

தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் அரை கிரவுண்டுக்கும் (1,200 சதுர அடிக்கும்) குறைவான மனையில் மூன்று, நான்கு குடித்தனம் இருக்கும் வீடுகள் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. வாடகை வரும், மண்ணும் நம் பேரில் இருக்கும் என்று ஃப்ளாட்டை விட்டுவிட்டு இதைத் தேடுகிறவர்கள் அதிகம். நல்ல முடிவுதான். ஆனால் முதன்முறை வாங்குவோரின் பணம் இரண்டு இடத்தில் போகிறது: வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் லீசுப் பணத்திலும், காகிதம் பார்க்காமல் கொடுத்த டோக்கன் முன்பணத்திலும். இரண்டையும் தவிர்த்து ஒரு விலையை எப்படிக் கணக்கிட்டுச் சொல்வது என்பதைக் கீழே வரிசையாகத் தருகிறோம்.

1. முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

பத்திரத்தில் 900 சதுர அடி என்று இருக்கும். டேப் பிடித்தால் 860 வரும். பக்கத்து வீட்டுச் சுவர் நகர்ந்திருக்கலாம், முன்பக்கப் படிக்கட்டு தெருவில் இருக்கலாம். விலையைச் சதுர அடிக் கணக்கில்தான் பேசப்போகிறீர்கள், அதனால் அளந்த அளவுதான் உங்கள் அளவு. பின் போர்ஷனுக்குப் போகும் சந்து யாருடையது என்பதையும் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் தேடுங்கள். ‘பொதுப் பாதை’ என்று எழுதியிருந்தால் அதை மறிக்கவும் முடியாது, மனைக் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

கட்டடத்தில் பார்க்க வேண்டியவை இந்தப் பகுதிக்கே உரியவை. கடலோரத்தில் உப்புக் காற்று கம்பியைத் தின்றுவிடும். மாடிக்கு அடியில் நின்று மேலே பாருங்கள், கம்பி போகும் நேர்கோட்டில் சிமென்ட் வெடித்திருந்தால் பூசி மறைத்த துரு அது. மரச்சட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால், அந்தத் தளத்தையே ஒருநாள் மாற்ற வேண்டிவரும் என்று கணக்கில் வையுங்கள். தெருவைவிட வீட்டுத் தரை தாழ்ந்திருக்கிறதா? வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் மாதிரி இடங்களில் தரைத்தள போர்ஷனின் மதிப்பே இதில்தான் இருக்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கறை எந்த உயரத்தில் இருக்கிறது, ஈ.பி. பெட்டியைச் சமீபத்தில் மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்வருவது எந்த விசாரணையையும் விடப் பயன் தரும்.

சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாய் தெருவுக்குப் போகிறதா, பக்கத்து வீட்டு மனை வழியாகப் போகிறதா என்று கேளுங்கள். பக்கத்து மனை வழியாகப் போனால், அவர்கள் வீட்டை இடித்துக் கட்டும் நாளில் உங்கள் நாலு குடித்தனத்தின் கழிவுநீரும் நின்றுபோகும்.

2. வாடகையைக் குடியிருப்பவர்களிடமே கேளுங்கள்

விற்பவர் சொல்வது ‘வரக்கூடிய’ வாடகை. உங்களுக்குத் தேவை வருகிற வாடகை. ஒவ்வொரு போர்ஷனிலும் நேரில் போய், “அக்கா, மாசம் எவ்ளோ குடுக்கறீங்க? அட்வான்ஸ் எவ்ளோ போட்டீங்க? எத்தனை வருஷமா இருக்கீங்க?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓனர் கூடவே நின்றால் பதில் சுருங்கும். மறுநாள் தனியாகப் போங்கள். தண்ணீர், மோட்டார் கரண்ட், குப்பை எல்லாம் வாடகைக்குள்ளா, தனியா என்பதையும் கேளுங்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் உண்டா என்று பாருங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அந்த ஒரு மீட்டருக்குத்தான் கிடைக்கும், மேல் அடுக்குக் கட்டணமும் சீக்கிரம் வந்துவிடும். அந்தச் சண்டை ஓனர் தலையில்தான் விடியும்.

இப்போது முக்கியமான விஷயம்: லீசு. வடசென்னையில் ‘லீசுக்கு வீடு’ என்பது மாத வாடகை இல்லாமல் மொத்தமாக மூன்று லட்சம், ஐந்து லட்சம், எட்டு லட்சம் என்று கொடுத்துவிட்டு இருப்பது. காலி செய்யும்போது அந்தப் பணம் முழுசாகத் திரும்ப வேண்டும். பெரும்பாலும் இது பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி, பதிவு செய்வதில்லை. அதனால் வில்லங்கச் சான்றிதழில் (சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல்) ஒரு வரிகூட இருக்காது. விற்பவர் அந்தப் பணத்தை எப்போதோ மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ செலவழித்திருப்பார். வீடு கைமாறிய பிறகு பணத்தைக் கண்ணால் பார்க்காமல் அந்தக் குடும்பம் காலி செய்யாது; அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. எனவே லீசு எழுதிய தாளின் நகலை வாங்குங்கள், தொகையையும் முடிவு தேதியையும் குடியிருப்பவர் வாயால் உறுதி செய்யுங்கள். “அதெல்லாம் நான் பாத்துக்கறேன் சார்” என்ற பதிலை ஏற்கவே கூடாது.

3. காகிதம்: விலை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

நகல்களை வாங்கி ஒரு வாரத்தில் நீங்களே பாதி வேலையை முடிக்கலாம். மீதி வழக்கறிஞருக்கு, அவருக்கு ஒன்றிரண்டு வாரம் கொடுங்கள்.

வில்லங்கச் சான்றிதழ்: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் 1975 முதல் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பழைய சர்வே எண், புதிய டி.எஸ். (நகர நில அளவை) எண் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் வராத பதிவு மற்றதில் வரும். கதவு எண்ணிலும் பழசு, புதுசு உண்டு. சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் மாறியிருக்கின்றன, அதனால் பழைய பத்திரத்தில் எந்த அலுவலகத்தின் முத்திரை இருக்கிறதோ அங்கேயும் தேட வேண்டும்.

அசல் பத்திரங்கள்: நகலைக் காட்டி ‘அசல் லாக்கரில் இருக்கு’ என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வட்டிக்கு வாங்கிப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவைத்திருந்தால் அது வில்லங்கத்தில் வராது. தாய்ப் பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை அசலைத் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த பேச்சு.

மண் யாருடையது: வடசென்னையில் கட்டடம் ஒருவருக்கும் மண் கோயிலுக்கும் சொந்தமான வீடுகள் கணிசம். விற்பவரிடம் மனை வாடகை ரசீது இருந்தால் அதுதான் அடையாளம். வக்ஃப் நிலம், கால்வாயோரப் புறம்போக்கு, அரசு வீட்டு வாரியத்தில் ஒதுக்கீடு வாங்கி இன்னும் கிரயப் பத்திரம் ஆகாத வீடு ஆகியவையும் இதே வகை. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் முதல் வீடாக இவற்றைத் தொடாதீர்கள். தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, டி.எஸ். எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

வாரிசுகள்: அப்பா பெயரில் இருந்த வீட்டை அண்ணன் தம்பி மட்டும் சேர்ந்து விற்க வருவார்கள். கல்யாணமாகிப் போன அக்கா, தங்கைகளுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒவ்வொருவரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். செட்டில்மென்ட் பத்திரம் (குடும்பத்துக்குள் எழுதிக்கொடுப்பது) என்றால் எழுதிக்கொடுத்த பெற்றோருக்கு ஆயுட்கால உரிமை வைத்திருக்கிறார்களா என்று கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பவர் ஏஜென்ட் (உரிமையாளர் அதிகாரம் கொடுத்தவர்) விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைப் பதிவு அலுவலகத்தில் கேட்பார்கள். நீங்கள் அவரையே நேரில் பார்த்துவிடுவது நல்லது.

கட்டட அனுமதி: பழைய வீடுகளில் கீழ்த்தளத்துக்கு மட்டும் பிளான் இருக்கும், மாடி பிறகு ஏறியிருக்கும். பிளான் இல்லாத பகுதிக்கு வங்கி மதிப்பே போடாமல் விடலாம். கடற்கரைக்கு அருகில், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வரும். நாளைக்கு இடித்துக் கட்டலாம் என்ற நினைப்பில் வாங்கினால் இதை முதலில் விசாரியுங்கள்.

சொத்து வரி, மெட்ரோ வாட்டர் ரசீதுகளைப் பார்க்கும்போது, நிலுவையோடு இன்னொன்றையும் கவனியுங்கள். நாலு போர்ஷன் இருந்தும் ஒரே வீடாக, சொந்த உபயோகம் என்று வரி போட்டிருந்தால் மறுமதிப்பீட்டில் தொகை ஏறும். ஏறிய தொகையை வைத்துத்தான் உங்கள் கணக்கு இருக்க வேண்டும். விற்பவர் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று ஈ-கோர்ட்ஸ் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

4. உங்கள் உச்ச விலையைக் கணக்கிடுங்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மனை 900 சதுர அடி, கீழும் மேலுமாக 1,500 சதுர அடிக் கட்டடம், வயது 30. விற்பவர் கேட்பது 95 லட்சம். மூன்று போர்ஷனில் 8,000, 8,000, 11,000 என மாதம் 27,000 வாடகை. நான்காவது 5 லட்சம் லீசு. மற்ற மூவரின் அட்வான்ஸ் மொத்தம் 1.40 லட்சம்.

அந்தத் தெருவில் மனை விலை சதுர அடி 8,000 என்று விசாரித்துத் தெரிந்தால், மண்ணுக்கு 72 லட்சம். புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,300 என்றால் 34.50 லட்சம்; 30 வயதுக்குப் பாதியைத் தள்ளினால் ஏறத்தாழ 17 லட்சம். கூட்டினால் 89 லட்சம். மாடித் தளம், கழிவுநீர்க் குழாய், சம்ப் வேலைக்கு மேஸ்திரி சொன்னது 2.60 லட்சம். கழித்தால் 86.40 லட்சம். இதுதான் உச்ச விலை. இதிலும் லீசு 5 லட்சம், அட்வான்ஸ் 1.40 லட்சம், ஆக 6.40 லட்சம் விற்பவர் கைக்குப் போகக் கூடாது. அவர் கையில் சேர வேண்டியது அதிகபட்சம் 80 லட்சம்.

தெரு விலையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: பக்கத்து டி.எஸ். எண்களுக்கும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கடைசி இரண்டு வருடத்தில் என்ன விலைக்குப் பதிவானது என்று தெரியும். பலர் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பை) ஒட்டியே பதிவு செய்வதால் அது தரைமட்டம் என்று வைத்துக்கொண்டு, மேலே எவ்வளவு என்பதை இரண்டு மூன்று புரோக்கர்களிடம் கேளுங்கள்.

வாடகைப் பக்கமும் பாருங்கள். வருடத்துக்கு 3.24 லட்சம். ஒரு மாதம் காலியாகக் கிடப்பதற்கு 27,000, வரிகள், பொது மோட்டார் கரண்ட், அடைப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் இன்னொரு 27,000 தள்ளினால் மிஞ்சுவது 2.70 லட்சம். விற்பவர் கைக்குப் போகும் 80 லட்சத்தோடு பதிவுச் செலவு, வேலைச் செலவு சேர்த்து நீங்கள் போடும் ஏறத்தாழ 90 லட்சத்துக்கு இது 3 சதவீதம். 50 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு எடுத்தால் தவணை மாதம் ஏறத்தாழ 45,000, வாடகை 27,000. மாதம் 18,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். ‘வாடகையே தவணையைக் கட்டிடும்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மண் விலை ஏறும் என்ற நம்பிக்கையும், கையிலிருந்து போட்டு ஓட்டும் தெம்பும் இருந்தால் மட்டுமே மேலே போகலாம்.

5. பணம் எவ்வளவு, எங்கிருந்து

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கிரய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல். 84 லட்சத்துக்கு முடிந்தால் 7.56 லட்சம். இந்தத் தொகையைக் கடன் கணக்கில் வங்கி சேர்க்காது. 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதித்த உச்சம் சொத்து மதிப்பில் 80 சதவீதம். மதிப்பு என்பது வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்வது, நீங்கள் பேசிய விலை இல்லை. அவர் 70 லட்சம் என்றால் கடன் 56 லட்சத்தோடு நின்றுவிடும். விலை பேசப் போகும் முன்பே வங்கியில் உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். புரோக்கர் கமிஷன் 1 சதவீதமா 2 சதவீதமா, எந்த நாளில் என்பதையும் முதல் நாளே பேசி முடியுங்கள்.

6. விலையைச் சொல்லும் விதம்

முதல் விலை உச்ச விலையைவிட 8 முதல் 10 சதவீதம் குறைவாக இருக்கட்டும். இந்த உதாரணத்தில் 78 லட்சம். வெறும் எண்ணைச் சொல்லாமல் காரணத்தோடு சொல்லுங்கள்: அளவு இவ்வளவு குறைகிறது, தளத்துக்கு மேஸ்திரி இவ்வளவு கேட்கிறார், லீசு இவ்வளவு இருக்கிறது. வீட்டைப் பழிக்காதீர்கள். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் எதிரே உட்கார்ந்திருப்பார்; ‘இது இடிக்கிற வீடுதானே’ என்ற ஒரு வார்த்தைக்காக விற்காமலே எழுந்து போனவர்கள் உண்டு.

ஏற்றும்போது படி சிறுத்துக்கொண்டே வரட்டும்: 78, பிறகு 81.50, பிறகு 83, பிறகு 84. விலையை விட்டுக்கொடுக்காதவர் மற்றதை விட்டுக்கொடுப்பார். லீசுக்காரரை அவரே பணம் கொடுத்துக் காலி செய்து தருவது, வரி நிலுவையைக் கட்டுவது, கிரயத்துக்குக் கூடுதலாக ஒரு மாதம் தருவது எல்லாம் பணத்துக்குச் சமம்தான். பல வாரிசுகள் விற்கும் வீட்டில், எல்லோர் பங்கையும் ஒரே நாளில் தனித்தனி டி.டி.யாகத் தருவேன் என்று சொல்லுங்கள். அவர்களுக்குள் இருக்கும் பயம் அதுதான். அதைத் தீர்ப்பவருக்கு ஒரு லட்சம் குறைத்தும் கொடுப்பார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் வாங்க வருகிறவர்கள் குறைவு. ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பதிவு வைத்துக்கொள்வது வாங்குபவருக்குச் சாதகம். காகிதம் பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

“ரெண்டு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்கண்ணே, இன்னிக்கே டோக்கன் போட்டாதான்” என்று புரோக்கர் சொல்வார். போகட்டும் என்று இருங்கள். மூன்றாவது பிரிவில் சொன்னவை முடியாமல் ஒரு ரூபாயும் நகரக் கூடாது.

7. டோக்கனும் ஒப்பந்தமும்

டோக்கன் சிறிய தொகையாக, வங்கி வழியாக மட்டும். வீடு விற்கும் பேச்சில் 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. ரொக்கம் கேட்கும் விற்பனையாளரிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம். ரசீதில் இந்த வாசகம் இருக்கட்டும்:

“மேற்கண்ட வீட்டை ரூ. 84,00,000-க்குக் கிரயம் பேசி, டோக்கனாக ரூ. 51,000 வங்கி வழியே பெற்றுக்கொண்டேன். உரிமை ஆவணங்களில் குறை இருப்பதாக வாங்குபவரின் வழக்கறிஞர் எழுத்தில் தெரிவித்தாலோ, சொத்தைக் காரணம் காட்டி வங்கி கடன் மறுத்தாலோ, 7 நாளில் முழுத் தொகையையும் திருப்பித் தருகிறேன். இன்றிலிருந்து 30 நாள் வேறு யாரிடமும் விலை பேச மாட்டேன்.”

எல்லா வாரிசுகளும் இதில் கையெழுத்திட வேண்டும். வழக்கறிஞர் சரி என்ற பிறகு கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் இதைப் பதிவு செய்வது கட்டாயம். பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம், காலம் மூன்று மாதம் போதும். எந்தெந்த போர்ஷன் காலியாக வேண்டும், யார் தொடர்ந்து இருப்பார்கள், ஒவ்வொருவரின் வாடகை, அட்வான்ஸ், லீசுத் தொகை எவ்வளவு என்று ஒரு பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து அதில் குடியிருப்பவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். பின்னால் 5 லட்சம் 7 லட்சமாக மாறாமல் இருக்க இந்த ஒரு தாள் போதும்.

லீசுப் பணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அதைக் கழித்துவிட்டுக் குறைந்த விலையைப் பத்திரத்தில் எழுதக் கூடாது. மொத்த விலை 84 லட்சம், அதில் 6.40 லட்சம் குடியிருப்பவர்களுக்குத் திருப்பித் தர வாங்குபவர் வசம் நிறுத்திக்கொள்ளப்பட்டது என்றே எழுத வேண்டும்.

8. கிரய நாளும் அடுத்த மாதமும்

அன்று காலை இன்னொரு முறை வில்லங்கம் பாருங்கள். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். 84 லட்சத்துக்கு 84,000. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டிவிடுங்கள். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவர் பங்குக்குப் பிடித்தம் பல மடங்கு அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். முகூர்த்த நாளில் பதிவு அலுவலகத்தில் கூட்டம் அள்ளும். பதிவுக்கான வரிசை டோக்கனை முன்கூட்டியே எடுங்கள்.

பதிவு முடிந்ததும் பட்டாப் பெயர் மாற்றம், சொத்து வரி, மெட்ரோ வாட்டர், ஒவ்வொரு ஈ.பி. இணைப்பும் என வரிசையாக முடியுங்கள். குடியிருப்பவர்களுக்கு விற்றவரும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கொடுங்கள்: இந்தத் தேதியிலிருந்து வாடகை யாருக்கு, அவர்கள் அட்வான்ஸ் இனி யார் பொறுப்பு என்று. பிறகு ஒவ்வொருவரோடும் புதிதாக வாடகை ஒப்பந்தம் எழுதி, 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். பதிவு இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். வாடகையை உயர்த்துவதை முதல் மாதமே தொடங்காதீர்கள். பத்து வருடமாக நேரத்துக்கு வாடகை கொடுக்கும் குடும்பம் காலி செய்துவிட்டால், அந்த போர்ஷன் இரண்டு மாதம் பூட்டிக்கிடக்கும் நஷ்டத்தை 500 ரூபாய் உயர்வு ஈடுகட்ட ஏறத்தாழ மூன்று வருடம் ஆகும்.